புகார்க் கடிதம் போய்ச் சேரும் மேசை

அந்தப் படத்தை முதலில் கவனித்தது என் ஜூனியர். மாலை ஏழு மணி இருக்கும், லேபில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எங்கள் முனைவர் பட்ட ஆய்வின் கைடு, அதாவது வழிகாட்டி, எழுதிய பழைய கட்டுரைகள் இரண்டை அவள் அச்செடுத்து வைத்திருந்தாள். இரண்டிலும் வெஸ்டர்ன் ப்ளாட் படங்கள். புரதங்கள் கறுப்புப் பட்டைகளாகத் தெரியுமே, அவைதான். ஒன்றில் எலியின் கல்லீரல் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் சிறுநீரகம். ஒரு தாளைப் பின்பக்கமாகத் திருப்பி, இன்னொன்றின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். ஐந்து பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. மூன்றாவது பட்டையின் ஓரத்தில் இருந்த சின்னப் புள்ளிகூட.

"அக்கா, இது ஒரே படம்தானே?"

ஒரே படம்தான். இடவலமாகத் திருப்பி, உறுப்பின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அது எனக்குப் புரிந்த நொடியில் நான் சொன்னது: "எங்கேயாவது படம் மாறிப் போயிருக்கும்டி. யார்கிட்டயும் சொல்லாதே." எனக்கு சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டின் சுருக்கம், கொடுக்க நான்கு மாதம்தான் இருந்தது.

அவள் சொன்னாள். துணைவேந்தருக்கு இரண்டு பக்கக் கடிதம், கூடவே அந்த இரண்டு தாள்கள். அலுவலகத்தில் வாங்கவில்லை. ஸ்காலர், அதாவது ஆய்வு மாணவர், எழுதும் எந்தக் கடிதமும் 'த்ரூ ப்ராப்பர் சேனல்' வர வேண்டும் என்றார்கள். கைடு கையெழுத்துப் போட்டு, துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு, அப்புறம்தான் மேலே போகும். எங்களுக்குக் கைடும் துறைத் தலைவரும் ஒரே ஆள். யாரைப் பற்றிய புகாரோ அவரே அதற்குப் பரிந்துரைக் கையெழுத்து இட வேண்டும். அவள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வந்துவிட்டாள். ஆனாலும் மறுநாள் காலைக்குள் அதன் நகல் சாரின் மேசையில் இருந்தது.

அடுத்த மாதமே அவளுடைய ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) படிவத்தில் கையெழுத்து விழவில்லை. லேப் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் முன்னேற்றம் திருப்தியில்லை என்று எழுதினார்கள். கடைசியில் பெயருக்கு ஒரு விசாரணையும் நடந்தது. பக்கத்துத் துறைகளிலிருந்து மூன்று பேர், ஒரே ஒரு அமர்வு. மூல ஃபிலிம்களையோ லேப் நோட்டையோ அவர்கள் கேட்கவில்லை. அவளிடம் கேட்டது, "உன்னைத் தூண்டிவிட்டது யாரும்மா?" என்னையும் கூப்பிட்டார்கள். "எனக்கு எதுவும் தெரியாது மேடம்" என்றேன். எட்டு மாதத்தில் அவள் படிப்பை விட்டுப் போனாள். எனக்குப் பட்டம் கிடைத்தது.

பதினொரு வருடம் ஆகிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இப்படி ஒரு புகார் வந்தால் உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஏழை நாடு, சின்னப் பல்கலைக்கழகம், அதனால்தான் எங்களுக்கு இப்படி ஆனது என்று முதலில் நினைத்திருந்தேன். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்ததைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட் என்றால் மருத்துவ நோபல் பரிசு யாருக்கு என்று முடிவு செய்யும் இடம். அங்கே 2010இல் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் வருகைதரு பேராசிரியராகச் சேர்ந்தார். பக்கத்திலேயே இருக்கும் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அவருக்கு வேலை. பிளாஸ்டிக்கில் மூச்சுக்குழல் வடிவம் ஒன்றைச் செய்து, அதில் நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஊற வைத்து உள்ளே பொருத்தினால், அது நாளடைவில் உயிருள்ள மூச்சுக்குழலாகவே மாறிவிடும் என்றார். 2011 ஜூனில் முதல் அறுவை சிகிச்சை. நோயாளி, ஐஸ்லாந்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த எரித்ரிய நாட்டு இளைஞர். மூச்சுக்குழலில் கட்டி. நவம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஐந்து மாதம் கழித்து நோயாளி நலம், மூச்சுவழி ஏறக்குறைய இயல்பாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. உலகம் முழுக்கச் செய்தி.

அந்த நோயாளி 2014 ஜனவரியில் இறந்தார். இரண்டாவது நோயாளி அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதத்தில் இறந்தார். மூன்றாவது, துருக்கியிலிருந்து வந்த இளம்பெண். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சுக்குழலைச் சுத்தம் செய்தால்தான் மூச்சுவிட முடியும் என்ற நிலையில், ஆண்டுக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். 2017இல் அவரும் போய்ச் சேர்ந்தார். இந்தச் செயற்கைக் குழலை மனிதர்களுக்கு வைப்பதற்கு முன்னால் விலங்குகளில் முறையாகச் சோதித்திருக்கவே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் வெளியாட்கள் அல்ல. அதே மருத்துவமனையில் அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள் நான்கு பேர்: மத்தியாஸ் கொர்பாஸ்கியோ, தோமாஸ் ஃபுக்ஸ், கார்ல்-ஹென்ரிக் கிரின்னெமோ, ஆஸ்கர் சிமோன்சன். சிலர் மக்கியாரினியோடு கட்டுரை எழுதியவர்களும்கூட. அவர்கள் செய்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டியூப்லைட் நினைவுக்கு வரும். அச்சான கட்டுரையை ஒரு பக்கம் வைத்தார்கள், மருத்துவமனைப் பதிவேட்டை இன்னொரு பக்கம் வைத்தார்கள், வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். இங்கே இரண்டும் பொருந்தவில்லை. கட்டுரையில் நலமாக இருந்தவர் பதிவேட்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

2014இல் அவர்கள் தடிமனான ஆவணத் தொகுப்போடு நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து பியர் டெலேர் என்ற பேராசிரியரும் தனியாக எழுதினார். அதற்கு முன்பே, 2013இல், மருத்துவமனை மக்கியாரினியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது. ஆனால் இன்ஸ்டிட்யூட் அவரைப் பேராசிரியராக வைத்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு விவரமே எனக்குப் போதும். நோயாளியைத் தொட வேண்டாம் என்று ஒரு கட்டடத்தில் முடிவெடுத்த ஆளை, பக்கத்துக் கட்டடத்தில் ஆராய்ச்சி செய்யச் சொல்லி வைத்திருந்தார்கள்.

புகார் கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது? நோயாளிகளின் பதிவேடுகளை அனுமதியில்லாமல் பார்த்தீர்கள் என்று அவர்கள் பக்கமே விரல் திரும்பியது. வேலை போகும் என்ற பயத்தோடு மாதங்களை ஓட்டினார்கள். நால்வரில் ஒருவர் தன் ஆராய்ச்சியை மானிய விண்ணப்பத்தில் திருடிப் போட்டுக்கொண்டார் என்று மக்கியாரினி எதிர்ப்புகார் கொடுத்தார். "உன்னைத் தூண்டிவிட்டது யார்" என்பதன் ஸ்வீடன் வடிவம் இது.

ஒன்றை மட்டும் கரோலின்ஸ்கா சரியாகச் செய்தது. அதனால்தான் அடுத்து நடந்தது என்னை அவ்வளவு பாதித்தது. வெளியிலிருந்து ஒரு விசாரணையாளரைக் கொண்டுவந்தார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் பெங்ட் யெர்டின். மாதக்கணக்கில் உட்கார்ந்து பதிவேடுகளையும் கட்டுரைகளையும் பார்த்து, 2015 மே மாதம் அறிக்கை கொடுத்தார். ஏழு கட்டுரைகளில் அறிவியல் முறைகேடு நடந்திருக்கிறது என்று தெளிவாக எழுதினார். எங்கள் துறையில் அந்த மூன்று பேர் செய்யாததையெல்லாம் செய்தவர் அவர். சரி, இனி முடிந்தது என்றுதான் படிக்கும் யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. அந்த அறிக்கை போய்ச் சேர்ந்தது துணைவேந்தர் ஆண்டர்ஸ் ஹாம்ஸ்டனின் மேசைக்கு. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் சட்டப்படி அவரிடம்தான் இருந்தது. 2015 ஆகஸ்டில் அவர் முடிவை அறிவித்தார்: சில இடங்களில் போதிய கவனம் இல்லை, ஆனால் முறைகேடு இல்லை. மக்கியாரினியை அழைத்து வந்த நிறுவனமே, உலகத்துக்கு அவரைக் காட்டிப் பெருமைப்பட்ட நிறுவனமே, அவர் குற்றவாளியா என்பதையும் முடிவு செய்தது. ஹாம்ஸ்டன் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. வேறு யாரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாலும் இதே இழுப்பு இருந்திருக்கும். குற்றம் உண்மை என்றால், இவரை வேலைக்கு எடுத்தது தவறு, எச்சரிக்கைகளைக் கேட்காமல் விட்டது தவறு, பணி நீட்டிப்பு தவறு என்று வரிசையாகத் தன் வீட்டுத் தவறுகளையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் இல்லை என்றால் நான்கு மருத்துவர்கள் மட்டும் தவறு. எது சுலபம்?

2016 ஜனவரியில் ஸ்வீடனின் பொதுத் தொலைக்காட்சியில் மூன்று பகுதிகளாக ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பானது. நோயாளிகளின் முகங்களை மக்கள் பார்த்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பிப்ரவரியில் ஹாம்ஸ்டன், தான் தவறாகக் கணித்துவிட்டதாக ஒப்புக்கொண்டு பதவி விலகினார். மருத்துவ நோபல் பரிசுக் குழுவின் செயலாளராக இருந்த உர்பன் லென்டாலும் விலகினார். மார்ச்சில் மக்கியாரினி நீக்கப்பட்டார். 2018இல் லான்செட் இரண்டு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2023 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நோயாளிகளுக்குக் கொடுங்காயம் விளைவித்தார் என்று இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கேமரா வந்த பிறகு கிடைத்த நீதி இது. யெர்டினின் அறிக்கை மாதக்கணக்காக அதே கட்டடத்தில்தான் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. 2018இல் கரோலின்ஸ்காவின் புதிய துணைவேந்தர் ஆறு கட்டுரைகளில் முறைகேடு உறுதி என்று அறிவித்தபோது, பொறுப்பாளிகள் என்று குறிப்பிட்ட ஏழு பேரில், புகார் கொடுத்த அந்த நால்வரில் ஒருவரும் இருந்தார். அவர் கட்டுரையின் இணை ஆசிரியர், பின்னால் புகார் கொடுத்ததால் முன்னால் போட்ட கையெழுத்து மறைந்துவிடாது என்பது வாதம். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தர்க்கமாகப் பார்த்தால் அதில் பிழையில்லை. கட்டுரையில் பெயர் போட்டால் பொறுப்பு உண்டு. ஆனால் முறைகேட்டை அருகிலிருந்து பார்ப்பவர் யார்? பெரும்பாலும் அதே லேபில் வேலை செய்து, அதே கட்டுரையில் பெயர் போட்டவர்தான். வாய் திறந்தால் உனக்கும் அதே தண்டனை என்று தெரிந்தால், அடுத்தவர் என்ன செய்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அடுத்தவராக நான் இருந்திருக்கிறேன்.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி நடந்தது. டீடரிக் ஸ்டாபல் அங்கே சமூக உளவியல் பேராசிரியர், புலத்தின் டீனும்கூட. கருத்தாய்வுகள் நடத்தியதாகச் சொல்லி, எண்களைத் தானே உட்கார்ந்து எழுதி மாணவர்களுக்குக் கொடுப்பார். 2011இல் இளம் ஆய்வாளர்கள் மூன்று பேர், மாதக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்து, துறைத் தலைவரிடம் போனார்கள். ஸ்டாபலின் நெருங்கிய நண்பர் அவர். ஆனாலும் அவர் அதைப் பல்கலைக்கழகத்தின் தலைவரான ரெக்டரிடம் கொண்டுபோனார். செப்டம்பரில் ஸ்டாபல் பணியிடை நீக்கம். அக்டோபர் கடைசி நாளில், இதை விசாரித்த லெவெல்ட் குழுவின் முதல் அறிக்கை வந்துவிட்டது. 2012 நவம்பரில் இறுதி அறிக்கை: 55 கட்டுரைகளில் மோசடி. அந்த மூவரின் பெயரை அறிக்கை வெளியிடவில்லை, ஆனால் அவர்களுடைய துணிச்சலைப் பாராட்டி எழுதியது. ஸ்டாபல் கொடுத்த பொய்த் தரவை நம்பி முனைவர் பட்டம் வாங்கியவர்கள் குற்றமற்றவர்கள் என்றும், பட்டம் அவர்களுக்கு இருக்கட்டும் என்றும் சொன்னது. வாசித்தபோது இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். மாணவர்களைப் பற்றித் தனியாக யோசித்த ஒரு விசாரணையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அங்கேயும் முன்பே சந்தேகப்பட்டவர்கள் உண்டு, அவர்கள் பேச்சு எடுபடவில்லை. இந்த மூன்று பேரின் பேச்சு எடுபட்டதற்கு, துறைத் தலைவர் நண்பரைக் காப்பாற்ற முனையாததுதான் காரணம். ஒரு நல்ல மனிதர் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் இருந்தார். எல்லாத் துறையிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பி ஒரு மாணவி கடிதம் எழுத முடியுமா?

பல்கலைக்கழகம் ஒழுங்காக நடந்துகொண்டால்கூட மாணவர்கள் தப்பிப்பதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மரபியல் பேராசிரியர் ஒருவரின் மானிய விண்ணப்பத்தில் பொய்த் தரவு இருப்பதை அவருடைய லேப் மாணவர்களே கண்டுபிடித்து துறையிடம் சொன்னார்கள். துறை உடனே நடவடிக்கை எடுத்தது, பேராசிரியர் விலகினார், பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் லேப் மூடப்பட்டது. வருடக்கணக்கில் செய்த வேலையை விட்டுவிட்டுச் சிலர் முதலிலிருந்து தொடங்கினார்கள், சிலர் படிப்பையே கைவிட்டார்கள். புகார் உண்மையானால் கைடு போவார், கைடு போனால் லேப் போகும், லேப் போனால் புகார் கொடுத்தவரின் தீசிஸும் போகும். அந்த மாணவரை எந்தக் கைடிடம் சேர்ப்பது, ஃபெல்லோஷிப்பை எப்படித் தொடர்வது, பதிவுக் காலத்தை எத்தனை மாதம் நீட்டுவது என்ற ஏற்பாடு, புகார் வந்த அன்றே தொடங்க வேண்டும். விசாரணை முடியட்டும் பார்க்கலாம் என்பது மாணவருக்கு எந்த வகையிலும் உதவாது.

ஸ்வீடன் தன் தவறிலிருந்து ஒரு சட்டம் செய்தது. 2020 ஜனவரி 1 முதல், தரவைப் புனைவது, திரிப்பது, கருத்தைத் திருடுவது பற்றிய கடுமையான புகார் எதுவானாலும் பல்கலைக்கழகம் அதைத் தானே தீர்க்கக் கூடாது. அதற்கென்று அமைத்த தேசிய வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியத்தின் தலைவர் நீதிபதியாக இருப்பவராகவோ இருந்தவராகவோ இருக்க வேண்டும். டென்மார்க் 1992லேயே இப்படி ஒரு தேசியக் குழுவை அமைத்துவிட்டது. புகார் எந்த மேசைக்குப் போகிறது என்பதை மாற்றினார்கள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் 2018இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. எழுத்துத் திருட்டைப் பற்றியது. 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனையில்லை, 60 சதவீதத்தைத் தாண்டினால் மாணவரின் பதிவு ரத்து, இடையில் இரண்டு படிகள். ஒவ்வொரு துறையிலும் ஒரு குழு, அதற்குத் தலைவர் துறைத் தலைவர். அவர் மேலேயே புகார் என்றால் அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. அது நல்ல வரி. ஆனால் எங்கள் லேபில் திருப்பிப் போட்ட அந்தப் படத்தில் திருடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் அந்தக் கட்டுரை பூஜ்யம் சதவீதம் என்று வந்திருக்கும். இல்லாத தரவை இருப்பதாகக் காட்டுவதுதான் அறிவியலில் பெரிய குற்றம். அந்த விதிமுறை அதைத் தொடவே இல்லை.

பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வி. ஜே. குப்தா என்ற புவியியல் பேராசிரியர் இமயமலையில் எடுத்ததாகச் சொன்ன புதைபடிமங்கள் நியூயார்க்கிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்தவை என்று, ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலண்ட் 1989இல் நேச்சர் இதழில் எழுதினார். பல்கலைக்கழக விசாரணையிலும் குற்றம் உறுதியானது. ஆனாலும் 2002இல் ஓய்வு பெறும்வரை குப்தா அங்கே பேராசிரியராகத்தான் இருந்தார். அவர் எழுதியதை நம்பி இமயமலையின் வயதைக் கணக்கிட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது நானும் ஒரு கல்லூரியில் கைடு. என்னிடம் மூன்று ஸ்காலர்கள் இருக்கிறார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களிடம் ஒரு தாள் கொடுப்பேன். அதில் என் துறையில் இல்லாத இரண்டு பேராசிரியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். என்னைப் பற்றிப் புகார் என்றால் இவர்களிடம் போ, எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பேன். அந்த இரண்டு பேரிடமும் முன்பே பேசி வைத்திருக்கிறேன்: கடிதம் வந்தால் தேதி போட்டு ஒப்புகை கொடுங்கள், அன்றைக்கே என் லேப் நோட்டுகளையும் கணினியில் உள்ள மூலக் கோப்புகளையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் என்னிடம் பேசுங்கள். விதிமுறை எதுவும் என்னை இதைச் செய்யச் சொல்லவில்லை. புதிதாக வந்த ஒரு பையன் தாளை வாங்கிக்கொண்டு, "எதுக்கு மேடம் இது?" என்று கேட்டான். அவனுக்கு அந்த மாலை நடந்ததை முழுதாகச் சொன்னேன், விசாரணையில் நான் சொன்ன பதிலையும் சேர்த்து.

இதை எழுதுவதற்கு முன் என் ஜூனியரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எழுதட்டுமா என்று கேட்க வேண்டும், அதைவிட மன்னிப்புக் கேட்க வேண்டும். திருச்சியில் ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். "எழுதுங்கக்கா, பேரு மட்டும் வேண்டாம்" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டு பேப்பரும் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

தொலைபேசியை வைக்காமலேயே இணையத்தில் தேடிப் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன. திருத்தமும் இல்லை, எச்சரிக்கைக் குறிப்பும் இல்லை. கல்லீரல் என்று போட்ட கட்டுரையை இந்த வருடம்கூட ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். அவளிடம் சொன்னேன். நாளைக்கு அந்த இதழ்களின் ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். "என்கிட்ட அந்த ரெண்டு தாளும் இருக்குக்கா, ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்" என்றாள்.